கொதிப்பது போல ஒரு வெதுவெதுப்பு

எங்கள் சபையின் திருமணத் தகவல் படிவத்தைச் செய்துகொடுத்தவன் நான்தான்.

2022இல் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கமிட்டியில் இருக்கும் அங்கிள் ஒருவர் தோளில் கை போட்டார். "தம்பி, நீங்க சாஃப்ட்வேர்லதானே இருக்கீங்க? வரன் விவரமெல்லாம் நோட்டுல எழுதி மாளல. ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் போட்டுக் குடுங்களேன்." வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடத்தில் போட்டுவிட்டேன். பெயர், வயது, படிப்பு, வேலை, சம்பளம், சொந்த ஊர், ஞானஸ்நானம் எடுத்த வருடம், ஊழியத்தில் ஈடுபாடு உண்டா. கடைசிக்கு முந்தின கட்டம், ‘உட்பிரிவு’.

இணையப் படிவங்களில் நிரப்பியே தீர வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாமல் படிவம் நகராது. அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஞானஸ்நானத்துக்கு நட்சத்திரம் வேண்டாம் என்றார். "நெறைய பேருக்கு வருஷம் ஞாபகம் இருக்காது தம்பி." உட்பிரிவுக்கு மட்டும் அவசியம் வேண்டும். "அது இல்லாம அனுப்புனாங்கன்னா அப்புறம் நாமதான் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிக் கேக்கணும்." போட்டேன். இரண்டு கிளிக். அந்த நேரத்தில் மனதுக்குள் எதுவும் உறுத்தவில்லை.

அன்றைய பிரசங்கம் லவோதிக்கேயா சபையைப் பற்றியது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளில் கடைசி. அனலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்ததற்காகத் திட்டு வாங்கிய சபை. "நீ அனலா, வெதுவெதுப்பா? நெஞ்சில கைய வச்சு சொல்லு!" என்று பாஸ்டர் கேட்டபோது கூட்டமே அழுதது. நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் எல்லாம் போலி என்று எழுதுவது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தக் கண்ணீர் உண்மையாக இருந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. காலையில் உண்மையாக அழுதவன் மதியம் எந்தக் கூச்சமும் இல்லாமல் அந்த நட்சத்திரத்தைப் போட்டான். இரண்டும் ஒரே ஆள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தமிழ்க் கிறித்தவர்களாகிய நமக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று மேடைதோறும் புலம்புகிறார்கள். பக்தி குறையவில்லை. பக்தியின் சூட்டைக் காட்டியே நாம் நம்முடைய மெத்தனத்தை மறைத்துக்கொள்கிறோம். முழு இருதயம் என்பதை எவ்வளவு கொடுத்தோம் என்று பார்த்து அளக்க முடியாது. எதைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்று பார்த்துத்தான் அளக்க முடியும்.

*

லவோதிக்கேயாவின் இடிபாடுகள் இன்றைய துருக்கியில் தெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பணக்கார ஊர். கறுப்புக் கம்பளிக்குப் பெயர் பெற்றது, பணப் பரிவர்த்தனை கொழித்த இடம். கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்துபோனது. ரோமின் உதவியே இல்லாமல் சொந்தக் காசில் மறுபடி எழுந்தது என்று டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்த ஊர்ச் சபை நினைத்துக்கொண்டிருப்பதாக வெளிப்படுத்தின விசேஷம் சாடும்போது, இந்தப் பெருமையையும் சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம் தண்ணீர். பக்கத்தில் எராப்போலி. அங்கே வெந்நீர் ஊற்றுகள். இன்றைக்குப் பாமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் படம் எடுக்கும் இடம் அதுதான். இன்னொரு பக்கம் கொலோசெ. அங்கே மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர். நடுவில் இருந்த லவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியாகத் தூரத்திலிருந்து தண்ணீர் வந்தது.

அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் அவிசுவாசம் என்றுதான் நம் மேடைகளில் விளக்குகிறார்கள். அப்படியென்றால் குளிராக இருந்திருந்தாலும் தேவலை என்று அந்தக் கடிதம் ஏன் ஆதங்கப்பட வேண்டும்? விளக்கவுரை எழுதிய பலர் அந்த ஊர்த் தண்ணீரை வைத்து இதற்குப் பதில் சொல்கிறார்கள். வெந்நீர் வலிக்கு இதம். குளிர்ந்த நீர் தாகத்துக்கு. இரண்டாலும் ஒரு மனிதனுக்குப் பிரயோஜனம் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரை வாயில் வைத்தவன் துப்பிவிடுவான். இப்படிப் படித்தால் உன் உணர்ச்சி எத்தனை டிகிரி என்பது அங்கே கேள்வியே இல்லை. நீ யாருக்கு உதவுகிறாய் என்பதுதான் கேள்வி.

இதை எங்கள் வேலையின் பாஷையில் சொல்கிறேன். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை சோதிக்கும் ஒரு நிரல் எழுதி வைப்போம். திரையில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். ஆனால் வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்காது. சுலபமாக அளக்க முடிந்ததை மட்டும் அளந்திருப்போம், அதனால் வரும் பச்சை அது. நம் சபைகளில் நாம் அளப்பதையும் பட்டியல் போட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஜெபம், எத்தனை நாள் உபவாசம், ஆராதனைக்கு எத்தனை பேர், காணிக்கை எவ்வளவு, யாருக்கு அந்நிய பாஷை வந்தது. எல்லாம் பச்சை. வருடப் பிறப்பு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். ஆசீர்வாதம், உயர்வு, எல்லை விரிவது என்று வரும். லவோதிக்கேயாவுக்கு வந்த வசனத்தை எவராவது அட்டையில் அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

*

லவோதிக்கேயாக்காரனுக்கு நிலநடுக்கம் என்றால் முடிச்சூர்க்காரனுக்கு வெள்ளம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. நவம்பரிலேயே ஒரு சுற்று மூழ்கி, வீட்டைக் கழுவி முடித்திருந்தோம். மறுபடி வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் என்பதே இல்லாமல் போனது. அடையாறு என்று ஒரு ஆறு நம் பக்கத்தில் ஓடுகிறது என்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

எங்கள் சபைக் கட்டடத்துக்கு மாடி உண்டு. மூன்று நாள் அங்கேதான் அடுப்பு எரிந்தது. ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கும் என் நண்பனும் என் அப்பாவும்தான் அந்த அடுப்பின் பொறுப்பாளர்கள். அரிசி எங்கிருந்தோ வந்தது, பால் பாக்கெட் படகில் வந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள், தொழுகைக்குப் போகிறவர்கள், எதற்கும் போகாதவர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டார்கள். டீ போட்டால் டம்ளர் போதவில்லை. ஒருவர் குடித்துக் கொடுத்ததை அடுத்தவர் வாங்கிக் குடித்தோம். அப்பா குடித்துவிட்டு என் நண்பனிடம் நீட்டியதும், அவன் குடித்துவிட்டு அப்பாவிடம் திருப்பிக் கொடுத்ததும் என் கண் முன்னால் நடந்தது. அந்த மூன்று நாளும் மைக் கிடையாது, பாட்டு கிடையாது. நேரம் குறித்து ஜெபித்த ஞாபகமும் எனக்கில்லை. ஆனால் எங்கள் சபை வாழ்ந்ததிலேயே முழு இருதயமாக வாழ்ந்த நாட்கள் அவை என்று இன்றும் நினைக்கிறேன்.

தண்ணீர் வடிந்தது. சேற்றை வாரினோம். கொஞ்சம் பேர் வீட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அந்த ஞாயிறு நன்றி ஆராதனை நடந்தது. கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னோம். அதற்கு அடுத்த மாதமே எங்களுக்கு ஒரு குறையும் இல்லாத நிலைமை திரும்பிவிட்டது.

*

"வெள்ளத்துல எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க. அதுக்கப்புறம் ஊரு, உறவுன்னு இருக்கில்ல? பக்தி வேற, பழக்கவழக்கம் வேற." இதை நான் கேட்காத கிறித்தவ வீடு கிடையாது. இது நமக்கு இருநூறு வருடத்துக்கு முந்தின சொத்து.

வேதநாயகம் சாஸ்திரியாரைத் தெரியாத தமிழ்ச் சபை இல்லை. 1774இல் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர். தஞ்சை சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்டவர். பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவர். கிறிஸ்துமஸ் காலம் வந்தால் இன்றும் அவர் பாட்டு இல்லாமல் நமக்கு முடியாது. அவருடைய பக்தியைச் சந்தேகிக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அதே சாஸ்திரியார்தான் 1829 வாக்கில் தஞ்சையில் புதிதாக வந்த மிஷனரிகளோடு மோதினார். அவர் மனக்குறைகளில் சில நியாயமானவை. தமிழ்ப் பாட்டையும் பழக்கத்தையும் வெள்ளைக்காரர்கள் தம் இஷ்டத்துக்குத் திருத்தியது அவற்றில் ஒன்று. ஆனால் அதே மூச்சில் அவர் வேளாளக் கிறித்தவர்கள் தலித் கிறித்தவர்களோடு சேர்ந்து உட்காருவதையும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதையும் எதிர்த்தார். சாதி உலகக் காரியம், இரட்சிப்புக்கு அதனால் தடையில்லை என்பது அவர் வாதம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டுப் போனார்கள். சாதியைச் சகித்துக்கொண்ட லைப்சிக் மிஷனில் பின்னால் போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களை வெதுவெதுப்பானவர்கள் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. கொதித்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, மிச்ச வீடு முழுக்க விளக்கேற்றியவர்கள்.

கத்தோலிக்கர்கள் இந்த இடத்தில் புன்னகைக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் இரண்டு கைகள் மாதிரி விரிந்து பீடத்தில் வந்து சேரும் கோயில் ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டினார்கள். ஒரு கை பிள்ளைமாருக்கு, மறு கை நாடார்களுக்கு. பூசை ஒன்று, கடவுள் ஒன்று, நடுவில் தடுப்பு. 1910இல் கௌசானல் என்ற பாதிரியார் தடுப்பை இடித்தார். தங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று பிள்ளைமார் பிஷப் மேல் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கும்பிடும் இடத்தில் ஒரு சுவருக்காக இவ்வளவு செலவும் அலைச்சலும்! இதற்குப் பெயர் முழு இருதயம் இல்லையென்றால் வேறென்ன? நம் முழு இருதயம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

முடிச்சூரிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மாநாடு அங்கேதான் நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் கூடினார்கள். கிறித்தவரல்லாத உலகத்துக்குச் சுவிசேஷத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அங்கே பெரிய விவாதம். அதே தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தோன்றுவது வேறு. கிறித்தவ உலகத்துக்கு அதை யார் கொண்டுபோவது?

*

மூன்று மறுப்புகள் வரும் என்று தெரியும்.

முதலாவது, "வெளியே நம்மை அடிக்கிறார்கள், இந்த நேரத்தில் உள்ளே இருந்து நீ வேறயா?" அடிப்பது உண்மை. நம்மை அடிக்கிறவனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க அருகதை இல்லை என்பதும் உண்மை. ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து பாடுகிறவனுக்கு அருகதை இருக்கிறதே. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையால் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடைக்காமல் இருக்கிறது. அது கொடுக்கப்பட வேண்டும் என்று 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சபைகள் வரவேற்றன. நியாயமான கோரிக்கை. மதம் மாறினாலும் தீண்டாமை போகவில்லை என்பதுதானே அதன் அடிப்படை வாதம்? அந்த வாதத்துக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்று நம்மிடம் கேட்டால் நம் கல்லறைத் தோட்டத்தையும் கல்யாணப் படிவத்தையும்தான் காட்ட வேண்டும்.

இரண்டாவது, "ஃபோன்ல உட்கார்ந்து எழுதறவங்களுக்கு என்ன தெரியும்? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவங்கதான் வெள்ளத்துல சோறு ஆக்கிப் போட்டாங்க." மறுக்கவே மாட்டேன். என் அப்பா அந்த நாலு மணிக்காரர்களில் ஒருவர். அதனால்தான் அவர்களிடம் கேட்கிறேன். முடியாதவனிடம் கேட்டு என்ன பயன்? மூன்று நாள் முடிந்தது நாலாவது நாள் ஏன் முடியவில்லை?

மூன்றாவது மறுப்பு இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிக்கிற நண்பர்களிடமிருந்து வரும். "மதம்னாலே அப்படித்தான் பாஸ், விட்டுட்டு வெளிய வாங்க." வெளியே வந்தவர்களின் லட்சணத்தையும் பார்த்துவிட்டேன். ஸ்டேட்டஸில் அம்பேத்கர், மேட்ரிமோனி செயலியில் சாதி வடிகட்டி. "அம்மாவுக்காகப் போட்டேன், எனக்கு நம்பிக்கை இல்ல" என்பார்கள். நாங்கள் தேவசித்தத்தின் மேல் பழி போடுகிறோம், நீங்கள் அம்மாவின் மேல் போடுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். என்னிடமாவது என்னைத் திட்டுவதற்கு ஒரு கடிதம் இருக்கிறது.

என் சாதி என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற சாதிக்காரர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

*

2016இல் அந்த நண்பன் என் தங்கையைக் கேட்டான். ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. சபை மூப்பர் ஒருவர் மூலமாக முறையாகக் கேட்டான். தங்கைக்கு இஷ்டம். இரண்டு பேரும் விசுவாசிகள், ஒரே சபை, நல்ல வேலை. அப்பா மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு வந்து சொன்னார், "தேவசித்தம் இல்லப்பா." கண் கலங்கித்தான் சொன்னார். முதல் நாள் இரவே அவர் ஊரில் இருக்கும் பெரியப்பாவைக் கூப்பிட்டு, "அவங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சிச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டது எனக்குத் தெரியும். ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு நான் ஆராதனை நடத்த வேண்டிய முறை. நடத்தினேன். கீபோர்டில் அவன் இருந்தான். அதுதான் அவன் கடைசியாக வாசித்த ஞாயிறு.

அப்பா கடவுளிடம் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் முழு மனதோடுதான் ஜெபித்தார். ஆனால் பதில் எந்தக் கட்டத்துக்குள் வர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு ஜெபித்தார். அந்த ஜெபத்தின் சூடு அவருக்குத் தைரியம் கொடுத்தது. உபவாசம் இருக்காமல் "சாதி ஒத்து வராது" என்று நேராகச் சொல்லியிருந்தால் அவருக்கே ஒருநாள் வெட்கம் வந்திருக்கலாம். மூன்று நாள் பட்டினி கிடந்து பெற்ற பதிலை யார் சந்தேகப்படுவார்கள்? பக்தி மெத்தனத்தைக் கரைக்கும் என்றுதான் நாம் நம்புகிறோம். எங்கள் வீட்டில் அது மெத்தனத்துக்குப் பூச்சு வேலை செய்து கொடுத்தது.

இதை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். அவள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதிக்கோண்ணா. ஆனா அப்பாவை மட்டும் வில்லனாக்காத. நீயும் அங்கதான உட்கார்ந்திருந்த?" என்றாள்.

உட்கார்ந்திருந்தேன். அதோடு போகவில்லை. அதெல்லாம் நடந்து ஆறு வருடம் கழித்துத்தான் இருபது நிமிடத்தில் அந்தப் படிவத்தைச் செய்தேன். மெத்தனம் என்றால் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுறுசுறுப்பாக, கேட்டவுடனே, சம்பளமில்லாத ஊழியமாக வேலை செய்யும் என்று அப்போது தெரியவில்லை.

போன மாதம் படிவத்தைத் திறந்து ‘உட்பிரிவு’ கட்டத்தை அழித்தேன். ஞானஸ்நானத்துக்கு நட்சத்திரம் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. நாலாவது நாள் அங்கிளிடமிருந்து ஃபோன். கோபமெல்லாம் இல்லை, அன்பாகத்தான் பேசினார். "தம்பி, ஃபார்ம்ல ஏதோ எரர் போல. ஒரு கட்டம் காணோம்."

"எரர் இல்ல அங்கிள். நான்தான் எடுத்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, ஞாயித்துக்கிழமை கமிட்டில பேசுவோம், ஜெபம் பண்ணிட்டு வாங்க" என்றார்.

போகிறேன். அந்தக் கட்டம் திரும்பி வரும் என்றுதான் தோன்றுகிறது. வேறு யாராவது இருபது நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாஸ்வேர்டை மட்டும் நான் கொடுக்கப் போவதில்லை. அதற்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. என் நண்பனின் நம்பர் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை. ஜெபம் பண்ணிவிட்டுக் கூப்பிடலாம் என்று இந்த வாரம் முழுக்கத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.